முதுகில் முளைத்த கீரை

முப்பிடாதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தை மடியில் வைத்து, பூச்சி அரித்ததை இடப்பக்கம் ஒதுக்கி, முற்றின தண்டை ஒடித்து வலப்பக்கம் போட்டு, இளசை மட்டும் கிள்ளிக் கிள்ளி நடுவில் சேர்த்து, கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, கண் மட்டும் வாசலில் சுற்றிச் சுற்றி வருகிற மகள் மேலேயே இருந்தது. அது சந்தையில் வாங்கின கீரை இல்லை, புறவாசலில் பாத்தி கட்டிப் போட்டதும் இல்லை. காலையில் பக்கத்து வீட்டுப் பிரமு மைனி வந்து, அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவிலிருந்து கிளம்பி இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்த கொடியில் கணு பார்த்துக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனது. பாதி முளைத்தவளுக்கு, பாதி பறித்தவளுக்கு. முதுகு தன் கைக்கு எட்டாத இடம் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

கொடி முளைத்தது ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, டவுனில், குழந்தைகள் மையத்துத் தாழ்வாரத்தில்.

மகள் கோமதிக்கு, வீட்டில் கோமு, அப்போது நாலு வயசு முடிந்திருந்தது. கால் நன்றாக இருந்தது, ஓடினாள். காது நன்றாக இருந்தது, தெருமுனையில் ஐஸ் வண்டி மணி அடித்தால் முதலில் போய் நிற்கிறவள் அவள்தான். ஆனால் பெற்றவள் ‘ஏளா கோமு’ என்று கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டாலும் அந்த நூறும் சுவரில் பட்டு முப்பிடாதியிடமே திரும்பி வந்து சேரும். தூக்கினால் பலகை மாதிரி விறைப்பாள். முகத்துக்கு நேரே முகம் வைத்தால் காதுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பது மாதிரி அங்கே பார்ப்பாள். பேச்சு என்று ஒன்றும் வரவில்லை. அங்கன்வாடி டீச்சர்தான் டவுன் மையத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். போய்ப் பார்த்தால், மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காராமல், தரையில் சம்மணம் போட்டு ஒரு பிள்ளையோடு சோப்பு நுரை ஊதிக்கொண்டிருந்தது எப்சிபா.

ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. எப்சிபாவின் அம்மா சலோமி அதே பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கினவள், அவள் மூலமாகத்தான் மகளுடைய சேதி ஒவ்வொன்றும் தெருவுக்கு வரும். விடுதியில் தங்கிப் பன்னிரண்டு முடித்துவிட்டாள் என்று சேதி வந்தபோது முப்பிடாதி எட்டோடு நின்று நாலு வருஷமாகத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் மனசைப் பற்றிய படிப்பு ஒன்றைப் படித்து முடித்தாள் என்றபோது முப்பிடாதியைப் பெண் பார்க்க வந்தார்கள். மேல்படிப்புக்குச் சென்னை போனாள் என்றபோது முப்பிடாதி இந்த வீட்டு அடுப்பைப் பழகிக்கொண்டிருந்தாள். அதற்கும் மேலே பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம், பிள்ளைகள் வார்டில் தரையோடு தரையாக உட்கார்ந்து கற்றுக்கொள்கிற படிப்பாம் என்றபோது முப்பிடாதிக்கு ஏழு மாதம். ஒவ்வொரு சேதிக்கும் அவள் நல்லா இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். சொன்ன அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்போது அந்த எப்சிபா டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை, குழந்தைகளின் மனசைப் பார்க்கிறவள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. தெருவில் அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஊசியும் போட மாட்டா, மருந்தும் எழுத மாட்டா, பிறகு எதுக்கு அத்தன வருசம் படிச்சா என்று பிரமு மைனி கேட்டாள். எப்சிபா கேள்விதான் கேட்டாள். பிள்ளை எப்படித் தூங்குகிறாள், எதைக் கண்டால் காதைப் பொத்துகிறாள், அப்பா வந்தால் என்ன செய்கிறாள், வீட்டில் யார் அழுதால் அவள் பார்க்கிறாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முப்பிடாதிக்கு அவளை மேடம் என்று கூப்பிட நாக்கு வரவில்லை, எப்சி என்று கூப்பிட உரிமை வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுத்தான் எதற்கும் பதில் சொன்னாள்.

‘நீயும் உள்ள வாளா, அவகூட இரு’ என்று எப்சிபா முதல் நாளே சொன்னாள். கூச்சத்தில் முப்பிடாதி, இல்ல, இங்கனயே இருக்கேன் என்று தாழ்வாரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். படித்தவளுக்கு முன்னால் தன் பிள்ளையோடு எப்படிக் கொஞ்சுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள், முப்பிடாதி பெஞ்சை விடவில்லை. ஐந்தாவது வாரம், கதவில் இருந்த விரல் அகலக் கண்ணாடி வழியாகத் தற்செயலாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கோமு எப்சிபாவின் மடியில் இருந்தாள். பெற்ற நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தானாக ஏறாத பிள்ளை, ஏறி, எப்சிபாவின் தலைமுடிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

முப்பிடாதிக்கு முதுகில் அரித்தது. கொசு கடித்த மாதிரி ஒரு சின்ன இடம். பஸ்ஸில் வரும்போது அது குறுகுறுவென்று ஊர்ந்தது. வீட்டில் குளிக்கும்போது விரல் நுனியில் தட்டுப்பட்டது, இரண்டே இரண்டு இலை, வெந்தயக்கீரை முளைவிட்ட மாதிரி.

ஊர் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் கொடி ஜாக்கெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தபோது, டைலர் ரகுமத்து அக்கா ஒன்றும் கேட்காமல் முதுகில் ஒரு திறப்பு வைத்து, மேலே ஒரு கொக்கியும் தைத்துக் கொடுத்தாள். பஸ் கண்டக்டர் ஜன்னலோரமாக உட்காரச் சொன்னார், கொடிக்கு வெயில் வேண்டும் அல்லவா. மின்சார ஆபீஸ்காரர் வந்து மீட்டரைப் படித்துவிட்டு, கம்பி பக்கம் படரவிடாதே தாயி என்று மட்டும் சொல்லிப் போனார். மரியாதை இல்லாமல் நடந்துகொண்டவை ஆடுகள்தான். எங்கே போனாலும் நாலு ஆடு பின்னாலேயே வரும். ரேஷன் கடை வரிசையில் அவள் சுவரில் முதுகைச் சாய்த்தபடியே நகர வேண்டியிருந்தது. சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தது பிரமு மைனி. பொன்னாங்கண்ணி மாதிரி இருக்கும், கடைசியில் கொஞ்சம் புளிக்கும், பாசிப்பருப்பைவிடத் துவரம்பருப்புக்கு நன்றாகச் சேரும் என்று அவள் சொன்னதற்குப் பிறகு, எதிர் வீட்டிலிருந்தும் கிண்ணத்தோடு வந்தார்கள். என்ன கீரை, எப்படி வைக்கணும், மிளகாய் கிள்ளிப் போடலாமா என்றெல்லாம் கேட்டார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. யார் மேல முளைச்சது என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை, அது ஒரு நாகரிகம்.

மையத்துத் தாழ்வாரத்திலும் அவள் தனியாக இல்லை. செங்கல் சூளையிலிருந்து வருகிறவளுக்கு முள் வைத்த கொடி, பல் டாக்டர் மனைவிக்கு வெள்ளையாகப் பூ வைத்த கொடி, வாத்தியார் ஒருத்தர் துண்டைப் போட்டு மூடியே வைத்திருந்தார். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கக் கேட்க, வெளியே இவர்கள் வரிசையாகத் திரும்பி உட்கார்ந்து, பேன் பார்க்கிற மாதிரி ஒருத்தர் முதுகை ஒருத்தர் கிள்ளிக்கொண்டார்கள். எப்சிபா கதவைத் திறந்து, யாராவது உள்ள வாங்களேன் என்பாள். எல்லோரும் கிள்ளுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள்.

கீரையைத் தின்றவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் உண்மை பேசினார்கள். புளிப்பு நாக்கைக் கூசவைக்கிறதனால் இருக்கும் என்பது பிரமு மைனியின் அபிப்பிராயம். முப்பிடாதியின் புருஷன் ஆவுடையப்பன் லோடு ஆட்டோவில் வாழைத்தார் ஏற்றுகிறவன், அதிகம் பேசாதவன். ஒரு மத்தியானம் இரண்டு கரண்டி கீரை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடி சொன்னான், ஒனக்காச்சும் பசிச்சா சேலையப் பிடிச்சு இழுக்கா, என்னைய அதுக்குக்கூட அவ தேடுனதில்ல என்று. முப்பிடாதி அவனுக்குப் பின்னால் போய்ச் சட்டைக் காலரைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன முளை. இத்தனை நாள் அது தன் மேல் முளைத்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் தன் முதுகில் இருந்ததற்கு அது மருந்தாகவில்லை. ஆவணி பிறந்ததும் எப்சிபா, வாரம் ஒரு நாள் போதாது, மூன்று நாள் கூட்டி வா, இப்போதுதான் கோமு திறந்துகொண்டு வருகிறாள், இந்த நேரத்தில் விடக்கூடாது என்று சொன்னாள். மூன்று நாள் மடியில் ஏறுவாள் என்று முப்பிடாதிக்குக் கேட்டது. மூன்று நாள் சிரிப்பாள், மூன்று நாள் அவளுக்குப் பிள்ளை, மிச்ச நாலு நாள் எனக்குப் பலகை. அந்த வாரமே அவள் போவதை நிறுத்தினாள். முதல் வியாழன் பஸ் வரவில்லை என்று சொன்னாள், அடுத்த வியாழன் பிள்ளைக்குச் சளி என்று சொன்னாள், மூன்றாவது வியாழன் ஒன்றும் சொல்லவில்லை. கோமு மட்டும் ஒவ்வொரு வியாழக்கிழமை காலையிலும், யாரும் கிழமை சொல்லாமலே, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் நின்றாள். அவள் நிற்கிற நேரம் பூராவும் கொடி நீண்டது, கண்ணுக்குத் தெரிந்தே நீண்டது, தரையைத் தொட்டுத் திரும்பி மேலே ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பிடாதி செருப்பைக் கழற்றி எடுத்து அலமாரி மேல் வைத்தாள்.

நாலாவது வியாழக்கிழமை மத்தியானம் எப்சிபா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

இனிமேல் நாங்க வரல என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான், அதை மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள் முப்பிடாதி. ஆனால் வெயிலில் வந்தவளை வாசலில் நிறுத்தி எப்படிச் சொல்வது. உள்ளே வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எப்படி. சாப்பாட்டு நேரத்தில் வந்தவளைச் சாப்பிடாமல் எப்படி அனுப்புவது. இலை போட்டு, சோறு வைத்து, வெஞ்சனம் வைக்கச் சட்டியைத் திறந்தபோதுதான் வீட்டில் அந்தக் கீரையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. யார் மேல் முளைத்ததோ அவளுக்கே அதைப் பரிமாறினாள். எப்சிபா தரையில் நன்றாகச் சம்மணம் போட்டு, பிசைந்து, ரசித்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடு என்று இலையைக் காட்டினாள். கோமு அந்தப் பக்கம் வந்து, எப்சிபாவின் இலையையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

‘நல்லாருக்கு. என்ன கீரைளா இது?’

வீட்ல முளைச்சது என்றாள் முப்பிடாதி.

‘யாரு மேல?’

அந்த ஊரில் பிறந்த ஒருத்தி கேட்கக்கூடாத கேள்வியை, அங்கேயே பிறந்த எப்சிபா, கை கழுவுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். முப்பிடாதியும் காலையில் அதே கீரையைத் தின்றிருந்தாள். வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை.

‘ஒன் மேலதாம்ளா எப்சி’ என்றாள். ‘படிச்ச, போன, வந்த. அதெல்லாம் போகட்டும்னு இருந்தேன். எம்பிள்ளையும் ஒன் மடியிலதான் ஏறுதா. எனக்குன்னு என்னதான் வச்சிருக்க நீ?’

எப்சிபா கோபப்படவில்லை, கூட்டங்களில் பேசுகிற மாதிரிச் சமாதானமும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து துப்பட்டாவை எடுத்துவிட்டு முதுகைக் காட்டினாள். முப்பிடாதி கை வைத்துப் பார்த்தாள். இலையே இல்லை. ஆனால் தண்டு இருந்தது, கட்டைவிரல் கனத்தில், முருங்கை மரத்துக் கிளை மாதிரி பட்டை பிடித்து, வெட்டி வெட்டிக் காய்ந்த வடுக்களோடு.

ஐந்தாம் வகுப்பில் முளைத்தது என்று எப்சிபா சொன்னாள். முப்பிடாதியின் அம்மா மதியம் மணி அடித்ததும் பள்ளிக்கூடச் சுவரோரம் சட்டியோடு வந்து நிற்பாள், மகளுக்கு ஊட்டிவிடுவாள், கலைந்த தலையைச் சரியாக்கி வகிட்டில் ஒரு ஊது ஊதிவிட்டுப் போவாள். அதே நேரத்தில் அதே வராந்தாவில் சலோமி கூட்டிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்துக்குள்ளே என்னை அம்மான்னு கூப்பிடாத, டீச்சர்மாருக்குச் சங்கடமா இருக்கும் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். எப்சிபாவும் ஐந்து வருஷம் கூப்பிடவில்லை, வாரியல் சத்தம் கேட்டால் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். இலை விட விட வெட்டி வெட்டி, அந்த வேகத்தில்தான் பாளையங்கோட்டைக்குப் போனதும் சென்னைக்குப் போனதும். ஏன் ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிடாமல் இருக்கிறது என்பதைப் படிக்க அத்தனை ஊர் போக வேண்டியிருந்தது.

‘இப்ப கேளு’ என்றாள் எப்சிபா. ‘நீ கண்ணாடி வழியாப் பாத்தது மடியைத்தான. அவ ஏன் ஏறுனான்னு பாத்தியா? நின்னுக்கிட்டு எனக்குத் தலை சீவுதா. சடை போடுதா. முடிச்சதும் வகிட்டுல ஒரு ஊது ஊதுதா. என்னையக் கோமு ஆக்கி உக்கார வச்சுட்டு, அவ முப்பிடாதி ஆயிருதா. மூணு மாசமா எங்கிட்ட வந்து ஒன்னையத்தாம்ளா விளையாடுதா. அவ முதல்ல ஊதுன அன்னைக்கு எனக்கு முதுகு எப்படி அரிச்சுதுன்னு ஒனக்குத் தெரியாது.’

முப்பிடாதிக்குத் தான் ஊதுகிறவள் என்பதே தெரியாது. கையைத் தூக்கித் தன் வகிட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு பிள்ளை இன்னொருத்தராக மாறி விளையாடுகிறது என்றால், அந்த இன்னொருத்தரை அது நாள் பூராவும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம், காதுக்குப் பின்னால் பார்க்கிற மாதிரி இருந்தாலும் பார்த்திருக்கிறது என்று அர்த்தம், அதைத்தான் நான் எழுதி எழுதி வைத்தேன், நீ உள்ளே வந்திருந்தால் நீயே பார்த்திருப்பாய் என்று எப்சிபா சொன்னாள். வியாழக்கிழமை வருவியா என்று கேட்டாள். முப்பிடாதி அலமாரி மேலே எட்டிச் செருப்பை எடுத்து, தூணுக்குப் பக்கத்தில் கீழே வைத்தாள்.

அடுத்த வாரம் அவள் அறைக்குள் போனாள். ஜமுக்காளத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். கோமு அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக எப்சிபாவிடம் போய்ச் சடை போட ஆரம்பித்தாள், கண்ணெதிரே அதைப் பார்த்துக்கொண்டிருந்த முப்பிடாதிக்குப் பழையபடி கொடி ஒரு சாண் வளர்ந்தது. எப்சிபா கண்ணைக் காட்டினாள்: கூப்பிடாதே, இழுக்காதே, பிள்ளையாக இரு. எப்படிப் பிள்ளையாக இருப்பது என்று யோசித்து, முப்பிடாதி தூக்கினால் விறைக்கிற தன் மகளை நினைத்து, காலை நீட்டி, காதுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி அங்கேயே பார்த்துக்கொண்டு, பலகை மாதிரி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கே பார்த்தாலும் இங்கே நடப்பது பூராவும் தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கிறது, கேட்டாலும் திரும்புவதற்கு எவ்வளவோ தூரம் இருக்கிறது. நாற்பது நிமிஷம் யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை. முடிகிற நேரத்தில் கோமு காலித் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் தாடையைப் பிடித்து, இல்லாத சோற்றை உருட்டி, இடித்து வாயில் வைத்தாள். முப்பிடாதி மென்றாள். இவ்வளவு முரட்டுத்தனமாகவா நான் ஊட்டுகிறேன் என்று வெளியே வந்து எப்சிபாவிடம் கேட்டாள். இதைவிட மோசம்ளா என்றாள் அவள்.

அதற்குப் பிறகு தாழ்வாரத்து பெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. செங்கல் சூளைக்காரி உள்ளே போனாள், துண்டு போட்ட வாத்தியாரும் போய்க் குதிரையாகக் குனிந்து நின்றார். கொடி உதிர்ந்துவிடும் என்று ஊரில் எதிர்பார்த்தார்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முப்பிடாதியின் கொடி தளிர்ப்பதை மட்டும் குறைத்துக்கொண்டது. எப்சிபாவின் தலையைக் கோமு முதலில் எடுத்துக்கொள்கிற நாளில் அதிகம் கிள்ளலாம், முப்பிடாதியின் தலையை முதலில் எடுத்துக்கொள்கிற நாளில் ரசத்துக்குக்கூடப் போதாது. ஒரு வீட்டுக்குக்கூடக் காணாத கீரையை இரண்டு வீட்டுக்கு எப்படிப் பங்கு போடுவது என்று பிரமு மைனி பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை. நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர் வந்துவிட்டது, தெருவே குழாயடியில் நின்றது. முப்பிடாதி வாசல் குழாயில் மூன்றாவது குடத்தை வைத்துவிட்டு, பக்கத்துக் குழாயில் நின்ற பிரமு மைனியிடம் பண்டிகைக்கு என்ன பலகாரம் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து யாரோ மகளைக் கூப்பிடுவது கேட்டது.

‘ஏளா கோமு.’

முதலில் அவள் மைனியைத்தான் பார்த்தாள். மைனியின் வாய் மூடியிருந்தது. குரல் அப்படியே முப்பிடாதியின் குரல்தான், அதே இழுப்பு, கடைசியில் அதே சலிப்பு, ஆனால் சின்னது, இன்று காலையில்தான் செய்து எடுத்தது மாதிரிப் புதுசு. வீட்டுக்குள் கோமுவைத் தவிர வேறு யாரும் இல்லை.

‘ஏளா கோமு. சாப்பிட வா.’

‘பிள்ளை ஒன்னையத்தாம்ளா கூப்பிடுதா’ என்றாள் பிரமு மைனி, பைய, ஆடு மிரண்டுவிடக்கூடாது என்கிற மாதிரி.

முப்பிடாதி, இதை எப்சிபாவுக்கு வியாழக்கிழமைவரை சொல்லவே கூடாது, இந்த இரண்டு நாளாவது தான் மட்டும் கேட்டதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே, குழாயை மூட மறந்து, நிறைந்து வழிகிற குடத்தைத் தாண்டி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ‘இந்தா வாரேம்மா’ என்று உள்ளே ஓடினாள்.